பறந்து போகும் ஆர்.சி. விமானத்தின் வேகத்தை அதன் சத்தத்தை வைத்தே கணக்கிட முடியுமா?

கேள்வி இது: நண்பர் ஒருவர் தன் மின்மோட்டார் ஆர்.சி. விமானம் (ரிமோட்டில் பறக்கவிடும் சிறு மாதிரி விமானம்) மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் போகிறது என்கிறார். விமானத்தில் ஜி.பி.எஸ். இல்லை, கையில் வேகம் அளக்கும் ரேடார் கன்னும் இல்லை. செல்போனில் எடுத்த வீடியோ மட்டும் இருக்கிறது. அதில் கேட்கும் சத்தத்திலிருந்து வேகத்தைக் கண்டுபிடிக்கலாமா? உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சத்தத்திலிருந்து வேகம் கிடைக்குமா என்பது ஒன்று. கிடைக்கும் எண் ஒரு வாக்குவாதத்தைத் தீர்க்கும் அளவுக்கு நம்பகமானதா என்பது இன்னொன்று. முதலாவதற்கு நாலு வரி போதும். இரண்டாவதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விமானம் நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று உயர்ந்து கேட்கும், கடந்து போனதும் சரிந்து கனத்துவிடும். 1842-இல் டாப்ளர் சொன்ன விளைவு இதுதான். இதைக் கணக்கிட புரொப்பெல்லர் எத்தனை ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சுற்றுகிறது என்று தெரியவே வேண்டாம். நெருங்கி வரும்போது கேட்கும் அதிர்வெண்ணை 'மேல்' என்றும், விலகிப் போகும்போது கேட்பதை 'கீழ்' என்றும் வைத்துக்கொண்டால், வேகம் = ஒலிவேகம் × (மேல் − கீழ்) ÷ (மேல் + கீழ்). ஒலிவேகத்துக்கு 331.3-உடன் செல்சியஸ் வெப்பநிலையின் 0.606 மடங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். விடை மீட்டர்/வினாடியில் வரும். 30 டிகிரியில் 349.5.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வரும்போது 630 ஹெர்ட்ஸ், போகும்போது 472 ஹெர்ட்ஸ், வெப்பநிலை 30 டிகிரி. வித்தியாசம் 158, கூட்டுத்தொகை 1102. 349.5 × 158 ÷ 1102 = 50.1 மீ/வி, அதாவது மணிக்கு 180 கி.மீ. இதே இரண்டு எண்களிலிருந்து புரொப்பெல்லரின் உண்மையான அதிர்வெண்ணும் கிடைக்கும்: 2 × மேல் × கீழ் ÷ (மேல் + கீழ்). இங்கே அது 540 ஹெர்ட்ஸ். இரண்டு இறக்கை புரொப்பெல்லர் என்றால் வினாடிக்கு 270 சுற்று, 16,200 ஆர்.பி.எம். இந்த இரண்டாவது விடையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்தச் சூத்திரம் விகிதத்தை மட்டும் பார்ப்பதால், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கும் பிழை எதுவானாலும் தானாக அடிபட்டுப் போகும். போனின் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடினாலும், வீடியோ சற்று மெதுவாக்கப்பட்டிருந்தாலும், மேல்-கீழ் இரண்டும் ஒரே மடங்கில் மாறுவதால் விடை மாறாது. சுருங்கிப் போய் வாட்ஸ்ஆப்பில் வந்த கோப்பில்கூட அதிர்வெண் அப்படியேதான் இருக்கும். மேலே உள்ள மெல்லிய ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) மட்டும் காணாமல் போகலாம். சத்தம் உடைந்து பதிவாகியிருந்தாலும் பாதகமில்லை. உடைவதால் புதிதாக முளைக்கும் அதிர்வெண்கள் அதே அடிப்படையின் மடங்குகள்தான்.

கணினி எதுவும் இல்லாமல் காதாலேயே ஒரு முரட்டு மதிப்பீடு செய்யலாம். விகிதம்தான் முக்கியம் என்றால், ஸ்வர இடைவெளி என்பதும் விகிதம்தானே. விமானம் போனபின் கேட்கும் சுருதியை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது கேட்டது சதுஸ்ருதி ரிஷபமாக இருந்தால் (9/8) வேகம் ஒலிவேகத்தில் 17-இல் ஒரு பங்கு, சுமார் 74 கி.மீ. அந்தர காந்தாரம் என்றால் (5/4) 9-இல் ஒரு பங்கு, 140 கி.மீ. சுத்த மத்யமம் (4/3) 7-இல் ஒரு பங்கு, 180 கி.மீ. பஞ்சமம் (3/2) 5-இல் ஒரு பங்கு, 252 கி.மீ. மேல் ஷட்ஜத்திலிருந்து கீழ் ஷட்ஜத்துக்கு விழுந்தால் 3-இல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 420 கி.மீ. அரை ஸ்வரம் தவறினால் 35 கி.மீ. தவறிவிடும் என்பதால் இதை வைத்துப் பந்தயம் கட்ட முடியாது. ஆனால் 250 என்று சொல்லப்படும் விமானம் ப-விலிருந்து ச-வுக்கு இறங்குகிறதா, ம-விலிருந்து இறங்குகிறதா என்பது ஓரளவு சங்கீத ஞானம் உள்ள காதுக்கே தெரிந்துவிடும். டாப்ளர் விளைவை 1845-இல் நெதர்லாந்தில் பாய்ஸ் பலோட் சோதித்ததும் இப்படித்தான்: ரயிலில் ஊதுகொம்புக்காரர்கள், தண்டவாளத்தின் ஓரத்தில் சுருதி சுத்தமான காதுள்ளவர்கள்.

இனி அடிபட்டுப் போகாத பிழைகள். எல்லாவற்றையும்விடப் பெரியது, வரும்போதும் போகும்போதும் ஆர்.பி.எம். ஒன்றாக இல்லாதது. சூத்திரம் மௌனமாக எடுத்துக்கொள்ளும் ஒரே அனுமானம் இது. இடையில் ஆர்.பி.எம். 1 சதவீதம் குறைந்தால், 180 கி.மீ. விமானத்துக்குச் சுமார் 6 கி.மீ. கூடுதலாகக் காட்டும். 3 சதவீதம் குறைந்தால் 18 கி.மீ. சும்மா கிடைத்துவிடும். 3 சதவீதம் குறைவது ஒன்றும் அபூர்வமல்ல. உயரத்திலிருந்து டைவ் அடித்து வந்து மட்டம் எடுக்கும்போது புரொப்பெல்லரின் சுமை குறைந்து ஆர்.பி.எம். ஏறியிருக்கும், வேகம் தணியத் தணிய அது இறங்கும். ஆகவே டைவ் அடித்து வந்த பறப்பில் சத்த அளவீடு உண்மையான வேகத்தைவிடத் தாராளமாகவே காட்டும். முழு த்ராட்டிலில், அதாவது மோட்டாருக்கு முழு விசை கொடுக்கும்போது, லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் மின்னழுத்தம் தொய்வதும் இதே திசையில்தான் தள்ளும். கடந்து போன கையோடு பைலட் த்ராட்டிலைக் குறைத்துவிட்டால் அந்தப் பதிவு எதற்கும் உதவாது.

இதற்கு மருந்து பறக்கும் முறையில்தான் இருக்கிறது. மைக்குக்கு 200 மீட்டர் முன்பே மட்டம் எடுத்து, முழு த்ராட்டிலில், உயரம் மாறாமல் நேர்கோட்டில் வந்து, தாண்டிய பிறகும் குறைந்தது 150 மீட்டர் ரிமோட்டின் த்ராட்டில் குச்சியைத் தொடாமல் போக வேண்டும். சரியாகப் பறந்ததா என்று பதிவே சொல்லும். விமானம் தூரத்தில் இருக்கும்போது சுருதி ஏறக்குறைய தட்டையாக நிற்க வேண்டும். எட்டத்தில் வரும்போதே சுருதி வழுக்கிக்கொண்டிருந்தால் ஆர்.பி.எம். அல்லது வேகம் மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பறப்பை ஒதுக்கிவிடுங்கள். ஆர்.பி.எம்.மைப் பதிவு செய்யும் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) இருந்தால் இந்தச் சந்தேகமே மிஞ்சாது.

அடுத்த பிழை கோணத்தால் வருவது. விமானம் மைக்கின் தலைக்கு நேராக வருவதில்லை, பக்கவாட்டில் விலகித்தான் போகிறது. மைக் உணர்வது அதன் முழு வேகத்தை அல்ல, மைக்கை நோக்கி வரும் பங்கை மட்டுமே. மைக்குக்கும் விமானப் பாதைக்கும் மிகக் குறைந்த தூரம் 30 மீட்டர் என்று வையுங்கள். பாதையில் 50 மீட்டர் எட்டத்தில் இருக்கும்போது வந்த சத்தத்தை எடுத்தால் 14 சதவீதம் குறைவாக, 180-ஐ 154 என்று காட்டும். 100 மீட்டர் எட்டத்தில் எடுத்தால் 4 சதவீதக் குறைவு. குறுக்குத் தூரத்தை 15 மீட்டராகக் குறைத்து 100 மீட்டர் எட்டத்தில் எடுத்தால் 1 சதவீதம்தான். குறுக்குத் தூரத்தைப் போல ஏழு மடங்கு எட்டத்தில் எடுத்தால் பிழை 1 சதவீதம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கோணப் பிழை எப்போதும் குறைத்தே காட்டும், கூட்டிக் காட்டாது. குறுக்குத் தூரத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்காக ஆட்கள் நிற்கும் இடத்துக்கு மேலே பறக்கக் கூடாது. விமானத்தைக் கிட்டே கொண்டுவருவதற்குப் பதில், போனைப் பதிவில் போட்டு, பறக்கும் கோட்டின் பக்கமாகத் தரையில் தனியாக வைத்துவிட்டு வந்தால் போதும்.

ஒரு சிக்கலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 100 மீட்டர் எட்டத்திலிருந்து சத்தம் வந்து சேர 0.29 வினாடி ஆகும். அதற்குள் அந்த விமானம் 14 மீட்டர் நகர்ந்திருக்கும். வீடியோவில் விமானம் தெரியும் இடமும் அந்த நொடியில் கேட்கும் சத்தம் கிளம்பிய இடமும் ஒன்றல்ல. எனவே படத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காமல், சத்தத்தின் வளைகோடு (நேரத்தோடு சுருதி மாறுவதைக் காட்டும் கோடு) இரு முனைகளிலும் தட்டையாகும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பதிவு செய்ய வீடியோவைவிட, வினாடிக்கு 44,100 மாதிரியில் சுருக்காமல் வேவ் கோப்பாகச் சேமிக்கும் ரெக்கார்டர் ஆப் நல்லது. இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பேச்சுக்காக வடிவமைத்த அந்த வசதி, ஒரே சுருதியில் நீளும் ரீங்காரத்தைத்தான் முதலில் இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். காற்றின் உறுமல் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். மைக்கின் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தால் அடங்கிவிடும். போனை முக்காலியில் நிறுத்துவதைவிடத் தரையில் ஒரு தட்டையான பலகைமேல் வைப்பது மேல். ஆளுயரத்தில் இருந்தால் நேரே வரும் சத்தமும் தரையில் பட்டுத் திரும்பும் சத்தமும் ஒன்றையொன்று வெட்டி, சில ஹார்மோனிக்குகள் விட்டுவிட்டு மறையும். அதிர்வெண் மாறாது, ஆனால் தொடர்ந்து படிப்பது கடினமாகும். புரொப்பெல்லரின் ரீங்காரம் பக்கவாட்டில் பலமாகவும் முன்பக்கம் மெலிந்தும் பரவும். அதனால்தான் வரும்போது கேட்கும் பகுதி எப்போதும் மங்கலாக இருக்கும். துரதிர்ஷ்டவசமாக நமக்கு வேண்டியதும் அந்தப் பகுதிதான்.

படிப்பதற்கு ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருள் போதும், இலவசம். ட்ராக்கை ஸ்பெக்ட்ரோகிராம் (நேரத்தோடு அதிர்வெண்ணைக் காட்டும் படம்) காட்சிக்கு மாற்றினால், படுத்த 'எஸ்' எழுத்தைப் போல மேலிருந்து கீழே சரியும் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு ஹார்மோனிக். சாளர அளவை, அதாவது ஒரே பிடியில் பார்க்கும் மாதிரிகளின் எண்ணிக்கையை, 8192 ஆக மாற்றுங்கள். 2048-இல் விட்டுவைத்தால் அதிர்வெண்ணைப் பிரித்துக் காட்டும் ஒரு கட்டம் 21.5 ஹெர்ட்ஸ்; நம் உதாரணத்தில் 1 ஹெர்ட்ஸ் தவறினாலே 1 முதல் 1.3 கி.மீ. தவறும் என்பதால், அரைக் கட்டம் பிசகினாலும் 12 கி.மீ. போய்விடும். 8192-இல் கட்டம் 5.4 ஹெர்ட்ஸ். தட்டையான முனையில் 0.3 வினாடி அளவுக்குத் தேர்வு செய்து 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' கொடுத்தால், முகட்டின் அதிர்வெண்ணைக் கட்டங்களுக்கு இடையிலும் மதிப்பிட்டுச் சொல்லும். மாதிரி விகிதத்தை 96,000 ஆக்கினால் துல்லியம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. அதிர்வெண் துல்லியத்தைத் தீர்மானிப்பது எத்தனை வினாடி சத்தத்தை ஒரே பிடியில் பார்க்கிறோம் என்பதுதான். ஆனால் ரொம்ப நீட்டவும் முடியாது, சாளரத்தை இன்னும் இரட்டிப்பாக்கினால் வரும் 0.37 வினாடியில் இந்த விமானம் 18 மீட்டருக்கு மேல் நகர்ந்து, கோணமே மாறத் தொடங்கிவிடும்.

இதற்கு வழி, மேல் ஹார்மோனிக்கைப் படிப்பது. 540-க்குப் பதில் அதன் நான்கு மடங்கான 2160-ஐச் சுற்றியுள்ள கோட்டைப் படித்தால், அதே 5 ஹெர்ட்ஸ் பிழை வேகத்தில் கால்வாசியாகக் குறையும். இங்கேதான் அடிக்கடி சறுக்குகிறார்கள்: வரும்போது மூன்றாவது கோட்டையும் போகும்போது இரண்டாவது கோட்டையும் எடுத்துவிடுவார்கள். கடக்கும் இடத்தில் கோடுகள் செங்குத்தாக விழுவதால் எது எதனோடு சேர்கிறது என்று கண் ஏமாறும். 15 மீட்டர் குறுக்குத் தூரத்தில் அடிப்படைக் கோடே வினாடிக்கு 257 ஹெர்ட்ஸ் வீதம் சரியும். நான்காவது கோடு ஆயிரத்துக்கு மேல். இரண்டு மூன்று ஹார்மோனிக்குகளை எடுத்து ஒவ்வொன்றிலும் மேல்-கீழ் விகிதம் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் சுற்றுக்கு ஒரு வெடி, ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. இரண்டு இறக்கை புரொப்பெல்லருக்குச் சுற்றுக்கு இரண்டு. எஞ்சின் விமானத்தில் இந்தக் கோடுகள் எல்லாம் கலந்து தெரியும். எந்தக் கோடு எதனுடையது என்று தெரியாவிட்டாலும் விகிதம் ஒன்றுதான், ஆர்.பி.எம். கணக்கிடும்போது மட்டும் அது தெரிய வேண்டும்.

காற்றைப் பற்றி நிறையக் கவலைப்படுகிறார்கள், அவ்வளவு தேவையில்லை. சத்தம் காற்றோடு அடித்துச் செல்லப்படுவதால் வரும் பிழை மிகச் சிறியது: 5 மீ/வி காற்றில் 50 மீ/வி விமானத்துக்கு 0.2 சதவீதம். இந்த முறை அளப்பது தரையைப் பொறுத்த வேகம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அதே காற்றில் விமானம் ஒரு திசையில் 198-உம் மறுதிசையில் 162-உம் காட்டும். இரண்டு திசையிலும் பறக்கவிட்டு வேகங்களின் சராசரியை எடுப்பதே நியாயம். வெப்பநிலை 5 டிகிரி தவறினால் 0.9 சதவீதம், அதாவது ஒன்றரை கி.மீ. போல. நிழலில் வைத்த தெர்மாமீட்டர் போதும். காற்றழுத்தம் ஒலிவேகத்தை மாற்றாது. ஈரப்பதத்தால் வரும் மாற்றம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள் அடங்கும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் இரண்டு புள்ளிகளோடு நிறுத்தாமல் வளைகோடு முழுவதையும் எக்ஸெலில் பொருத்தலாம். கடக்கும் நொடியைப் பூஜ்யமாக வைத்து −3 முதல் +3 வினாடி வரை 0.1 இடைவெளியில் ஒரு பத்தி. அடுத்த பத்தியில் தொலைவு: குறுக்குத் தூரத்தின் வர்க்கத்தையும், வேகம் × நேரம் என்பதன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம். மூன்றாவதில் சத்தம் கேட்கும் நேரம்: நேரம் + தொலைவு ÷ ஒலிவேகம். நான்காவதில் கேட்கும் அதிர்வெண்: அசல் அதிர்வெண் ÷ (1 + வேகத்தின் வர்க்கம் × நேரம் ÷ (ஒலிவேகம் × தொலைவு)). ஸ்பெக்ட்ரோகிராமில் படித்த 15, 20 புள்ளிகளை இதன்மேல் போட்டு, அசல் அதிர்வெண், வேகம், குறுக்குத் தூரம் மூன்றையும் கோடு பொருந்தும்வரை மாற்றுங்கள். எக்ஸெலில் உள்ள சால்வர் என்ற கருவி இதைத் தானே செய்யும். கோணப் பிழை இதில் அடங்கிவிடுகிறது, குறுக்குத் தூரத்தை டேப் பிடித்து அளக்கவும் வேண்டாம். நடுவே சரியும் செங்குத்தே அதைச் சொல்லிவிடும்: 15 மீட்டருக்கு 257 ஹெர்ட்ஸ் என்றால் 30 மீட்டருக்கு அதில் பாதி.

எல்லா விமானத்துக்கும் இது சரிவராது. கிளைடரில் தெளிவான சுருதி இல்லை, வெறும் சீறல்தான். டர்பைன் ஜெட்டிலும் பெரும்பகுதி இரைச்சல்; 1,20,000 ஆர்.பி.எம்.மில் தண்டின் அதிர்வெண் 2000 ஹெர்ட்ஸ், அந்தக் கோடு தெரிந்தால் அதிர்ஷ்டம். குவாட்காப்டரில் நான்கு மோட்டார்களும் நான்கு வேகத்தில், அதுவும் கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டே சுற்றுவதால் விட்டுவிடுவது நல்லது. மாறாக, டக்டட் ஃபேன் (குழாய்க்குள் சுற்றும் விசிறி) விமானம் இந்த முறைக்கென்றே செய்ததுபோல இருக்கும்: 12 இறக்கை, 40,000 ஆர்.பி.எம். என்றால் 8000 ஹெர்ட்ஸில் கூரான கோடு.

கவனமாகச் செய்தால் இரண்டு புள்ளி முறையில் 3 முதல் 5 சதவீதமும், வளைகோடு பொருத்தினால் அதில் பாதியும் பிழை என்று எடுத்துக்கொள்வது என் மதிப்பீடு. 100 மீட்டரை ஸ்டாப்வாட்சில் அளந்தால் இந்த விமானத்துக்கு 2 வினாடிதான், விரல் 0.2 வினாடி பிசகினால் 10 சதவீதம் போய்விடும். அதைவிட இது எவ்வளவோ தேவலை. வேகத்தைச் சொல்லும்போது 180.4 என்று எழுதாதீர்கள். 180, கூடக்குறைய 7 என்று எழுதுங்கள்.

இப்போது நண்பரின் 250-க்கு வருவோம். எடுத்து வைக்கச் சொன்ன அந்த ஆர்.பி.எம். எண் இதற்குத்தான். அவருடைய புரொப்பெல்லரின் பிட்ச், அதாவது வழுக்காமல் திருகுபோல் போனால் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், 8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். புரொப்பெல்லரிலேயே அச்சிட்டிருக்கும் இரண்டாவது எண் அது. 8 அங்குலம் 0.203 மீட்டர், வினாடிக்கு 270 சுற்று என்றால் 54.8 மீ/வி, மணிக்கு 197 கி.மீ. மட்டமாகப் பறக்கும் விமானம் பெரும்பாலும் இந்த எண்ணுக்குக் கீழேதான் இருக்கும். இறக்கையின் வளைவால் பயன்படும் பிட்ச் அச்சிட்டதைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால், நன்றாக வழுக்கும் விமானம் இதைத் தொடலாம், கொஞ்சம் தாண்டவும் தாண்டலாம். அதிலிருந்து 250-க்குப் போகாது. அவருடைய வீடியோவில் 630, 472 போன்ற எண்கள் வந்தால், மட்டப் பறப்பில் 250 இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். எண்கள் 3/2 விகிதத்துக்கு அருகே வந்தால், அதோடு கணக்கில் வரும் ஆர்.பி.எம்.மை அவருடைய பிட்ச்சோடு பெருக்கியும் பாருங்கள். பிட்ச் கணக்கு 180 என்றும் சத்தம் 250 என்றும் சொன்னால், டைவ் அடித்து வந்திருக்கிறார், அல்லது நீங்கள் வெவ்வேறு கோடுகளைச் சேர்த்துவிட்டீர்கள். இரண்டும் 250 பக்கம் நின்றால் அவர் சொல்வது சரி.